ஏரி, கண்மாய்களில் விரால்: இருக்குமிடம் அறிந்து பிடிக்கும் முறைகள்

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. இவை பாசனத்துக்காக அமைக்கப்பட்டவை. ஆயினும் நெல்லோடு கூட மீனும் இவற்றில் விளைகிறது. இந்த மீன்களில் நல்ல விலை பெறுவது விரால். சதைக்குள் சிறு முள் கிடையாது. சதை உறுதியாக இருக்கும். உயிரோடு சந்தைக்குக் கொண்டு செல்லலாம். நோயிலிருந்து தேறுவோருக்கு விரால் குழம்பு கொடுப்பதும் வழக்கத்தில் உள்ளது. ஆகவே கெண்டை வகைகளைக் காட்டிலும் விராலுக்குக் கூடுதல் விலை கிடைக்கிறது.

ஒரே கண்மாயில் இருவர் தூண்டில் போடுகிறார்கள். ஒருவர் இரண்டு மணி நேரத்தில் மூன்று விரால் பிடித்து வீடு திரும்புகிறார். மற்றவர் பொழுது சாயும் வரை உட்கார்ந்து வெறுங்கையோடு போகிறார். இதைக் 'கைராசி' என்று சொல்வதுண்டு. உண்மையில் ராசி இதில் ஒன்றுமில்லை. விரால் எந்த நேரத்தில், எந்த இடத்தில், எதற்காக நிற்கிறது என்பதை முதலாமவர் அறிந்திருக்கிறார். அவ்வளவுதான்.

இந்த அறிவுக்கு இன்னொரு பயனும் உண்டு. கட்லா, ரோகு போன்ற மீன்களின் குஞ்சுகளை ஆண்டுதோறும் வாங்கி ஏரியில் விடலாம். விரால் குஞ்சு அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. பெரும்பாலான ஏரிகளில் விரால் தானே இனப்பெருக்கம் செய்துதான் பெருக வேண்டும். எனவே பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. எதை, எப்போது பிடிக்காமல் விட வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

விராலின் இயல்பு

விராலுக்குச் செவுள் உண்டு. ஆனால் செவுளால் மட்டும் அது உயிர் வாழ முடியாது. தலைக்குள் செவுளுக்கு மேற்புறம் காற்றைச் சுவாசிக்கும் அறை ஒன்று உள்ளது. சில நிமிடங்களுக்கு ஒரு முறை நீர்மட்டத்துக்கு வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிச் செல்லும். மேலே வர விடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டி இறந்துவிடும். விராலைக் கண்டறிவதற்கும், பிடித்த பின் உயிரோடு காப்பதற்கும் இந்த ஒரு செய்தியே அடிப்படையாகும்.

இரண்டாவதாக, விரால் துரத்தி வேட்டையாடும் மீன் அல்ல. மறைந்திருந்து பாயும் மீன். அல்லி, தாமரை இலைகளின் அடியிலும், கோரை, சம்பு ஆகியவற்றின் ஓரத்திலும், நீரில் சாய்ந்த கருவேல மரத்தின் நிழலிலும் அசையாமல் நிற்கும். சிறு மீன், தவளை, தலைப்பிரட்டை, இறால், பூச்சி ஆகியவை அருகே வந்தால் ஒரே பாய்ச்சலில் கவ்விக்கொள்ளும். ஆகவே செடியே இல்லாத நடு நீரில் விராலைத் தேடுவது வீண். செடிகள் நெருக்கமாக மூடிய புதரின் நடுவிலும் அது அதிகம் இருப்பதில்லை; பாய்வதற்கு அங்கே இடம் போதாது. செடியும் திறந்த நீரும் சந்திக்கும் விளிம்புதான் விராலின் இடம்.

மூன்றாவதாக, ஏரி வற்றும்போது விரால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். உடலில் ஈரம் இருக்கும் வரை அது உயிரோடிருக்கும். மழைக் காலத்தில் ஈரத் தரையில் நெளிந்து ஒரு குட்டையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வதும் உண்டு.

குரவை, பூவிரால் ஆகியவை விராலின் உறவினங்கள். குரவை சிறியது, வயல் வாய்க்கால்களிலும் சேற்றுக் குட்டைகளிலும் காணப்படும். பூவிரால் பெரிதாக வளரும். ஆறுகளையும் அணைகளையும் அதிகம் விரும்பும். இக்கட்டுரையில் கூறப்படுவது ஏரி, கண்மாய்களில் பொதுவாகக் கிடைக்கும் விராலைப் பற்றியதாகும்.

நீரைப் பார்த்து மீனை அறிதல்

தூண்டிலை எடுக்கும் முன்பு கரையில் கால் மணி நேரம் நின்று நீரைக் கவனிக்க வேண்டும். வெப்பம், காற்று, நீரின் நிறம் ஆகிய மூன்றும் மீனின் இடத்தை மாற்றுகின்றன.

வெப்பம்: மீனின் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தைப் பின்பற்றுவது. நீர் குளிர்ந்தால் மீனுக்குப் பசி குறையும், அசைவும் குறையும். நீர் அளவுக்கு மீறிச் சூடானால் நிழலைத் தேடிப் போகும். எனவே மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் சென்று காத்திருப்பதில் பயனில்லை. வெயில் ஏறிய பின், காலை 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை, வெயில் படும் ஆழம் குறைந்த ஓரங்களில் பார்க்க வேண்டும். சித்திரை, வைகாசியில் இதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும். விடியும் நேரமும், மாலை 5 மணிக்கு மேல் இருட்டும் வரையும் ஏற்ற நேரங்கள். நடுப்பகலில் பிடித்தே ஆக வேண்டுமானால் அடர்ந்த இலைகளின் நிழலில் மட்டும் முயலலாம்.

காற்று: காற்று எந்தக் கரையை நோக்கி அடிக்கிறதோ அந்தக் கரையில் மிதக்கும் பூச்சிகளும் பாசித் துணுக்குகளும் ஒதுங்குகின்றன. அவற்றைத் தின்னச் சிறு மீன்கள் வருகின்றன. சிறு மீனைத் தேடி விரால் வருகிறது. ஆகவே மெல்லிய காற்று வீசும் நாளில் காற்று வந்து மோதும் கரையே நல்லது. ஆடிக் காற்று போன்ற பலத்த காற்றில் அந்தக் கரை கலங்கி அலையடிக்கும். அப்போது அலை தணிந்த செடி ஓரங்களுக்கும், கரை உள்வாங்கிய மூலைகளுக்கும் மாற வேண்டும்.

நிறம்: நீர் தெளிவாக இருந்தால் மீன் ஆளைப் பார்த்துவிடும். கரையிலிருந்து நாலைந்து அடி பின்னால் நின்று, நிழல் நீரில் விழாதபடி தூண்டில் போட வேண்டும். நரம்பும் மெல்லியதாக இருக்க வேண்டும். புது மழையில் நீர் செந்நிறமாகக் கலங்கியிருந்தால் மீனின் பார்வை எட்டாது. ஆயினும் நீரில் ஏற்படும் அதிர்வை அது உடலின் பக்கவாட்டுக் கோட்டினால் உணரும், மணத்தையும் அறியும். அப்போது துடிக்கும் உயிர் இரை, மண்புழு, கோழிக்குடல் ஆகியவற்றைக் கரையோரத்திலேயே போட வேண்டும். 'கலங்கிய குட்டையில் மீன் பிடிப்பது' எளிது என்பது பேச்சு வழக்கு. விராலைப் பொறுத்தவரை, இரையை மாற்றினால்தான் அது எளிதாகும்.

நீர் அடர்பச்சையாக இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பச்சை நிறம் தருவது நுண்பாசி. பகலில் இது பிராணவாயுவை வெளியிடும். இரவில் தானே அதை உட்கொள்ளும். எனவே விடியும் முன்பு நீரில் பிராணவாயு மிகவும் குறைந்திருக்கும். வெப்பம் கூடினாலும் நீரில் கரையும் பிராணவாயு குறைகிறது. 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான் கரையும். மேகமூட்டமான நாளுக்கு அடுத்த விடியலில் கட்லாவும் ரோகுவும் வாயைப் பிளந்து மேலே மிதப்பதற்கு இதுவே காரணம். விராலோ காற்றைச் சுவாசிப்பதால் இத்தகைய நீரிலும் தளர்வதில்லை. ஆகவே மீன் வளர்க்கும் குட்டையில் கெண்டைகள் இப்படி மிதந்தால், 'மீன் நன்றாக மேலே வருகிறது' என்று மகிழக் கூடாது. அது ஆபத்தின் அறிகுறி. உடனே புதுநீர் பாய்ச்ச வேண்டும். அல்லது நீரை இறைத்து உயரத்திலிருந்து கொட்டிக் காற்றோடு கலக்கச் செய்ய வேண்டும். அன்றைய தினம் தீவனத்தையும் எருவையும் நிறுத்திவிட வேண்டும்.

பருவந்தோறும் விரால் இருக்குமிடம்

ஐப்பசி, கார்த்திகை: வடகிழக்குப் பருவ மழையில் ஏரி நிரம்புகிறது. விரால் ஆழமான பழைய பள்ளங்களை விட்டு, புதிதாக நீர் பரவிய மேட்டுப் பகுதிகளுக்கும், நீர்வரத்து வாய்க்கால்களுக்கும் ஏறும். கலுங்கு பாயும்போது அதன் கீழும் கூடும். இதுவே இனப்பெருக்கத்தின் முக்கிய காலமாகும். மேலே ஏறும் மீன்களில் பெரும்பாலானவை முட்டையிடச் செல்பவை. வாய்க்காலை அடைத்து இவற்றை மொத்தமாகப் பிடிப்பது விதை நெல்லைக் குத்திச் சோறாக்குவதற்குச் சமம்.

மார்கழி, தை: குளிர் காலம். ஏரி நிறைந்திருப்பதால் மீன் பரவி நிற்கும். கிடைப்பதும் குறைவாக இருக்கும். முன்கூறியபடி வெயில் ஏறிய பின் ஓரங்களில் முயல வேண்டும்.

மாசி, பங்குனி: விரால் பிடிக்க மிகச் சிறந்த காலம். பாசனத்துக்கு நீர் எடுப்பதால் நாளுக்கு நாள் நீர்மட்டம் இறங்குகிறது. கரையோரப் புல்லில் மறைந்திருந்த சிறு மீன்கள் உள்ளே இறங்குகின்றன. விரால் அவற்றின் வழியில் காத்திருக்கும். சென்ற ஆண்டின் குஞ்சுகளும் இதற்குள் ஓரளவு வளர்ந்திருக்கும். காலையும் மாலையும் செடி விளிம்புகளில் தூண்டில் போடலாம்.

சித்திரை, வைகாசி: நீர் சுருங்கி, மடை அருகிலுள்ள பள்ளத்தில் மட்டும் நிற்கும். ஏரி மீன் அனைத்தும் அங்கே கூடியிருக்கும். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் ஊர் கூடி மீன்பிடித் திருவிழா நடத்துவது இக்காலத்தில்தான். இப்போது பிடிப்பது எளிது. முழுவதையும் பிடித்துவிடுவதும் எளிது. ஏரி முற்றிலும் வற்றும் என்று தெரிந்தால் கெண்டை வகைகளை மிச்சமின்றிப் பிடித்துவிடலாம். விட்டாலும் அவை பிழைக்கப் போவதில்லை. விரால் அப்படியல்ல. ஈரச் சேற்றில் கிடந்து அடுத்த மழையில் எழும் ஆற்றல் அதற்கு உண்டு. சேற்றைக் கிளறிக் கடைசி விரால் வரை எடுத்துவிட்டால் ஐப்பசியில் முட்டையிட மீன் இருக்காது.

ஆடி, ஆவணி, புரட்டாசி: வட மாவட்டங்களில் இக்காலத்தில் ஓரளவு மழை கிடைக்கிறது. ஒரு நல்ல மழைக்குப் பின் புதுநீர் வந்து சேரும் இடத்தில் விரால் சுறுசுறுப்பாக இரை தேடும். மழை நின்ற மறுநாள் அங்கே முயன்றால் பலன் கிடைக்கும்.

நீரில் தெரியும் அடையாளங்கள்

விரால் காற்று விழுங்க வரும்போது நீரில் ஒரு வட்டம் எழும். 'பொளக்' என்று ஓசையும் கேட்கும். உள்ளே திரும்பியதும் இரண்டு மூன்று குமிழிகள் வரும். ஓரிடத்தில் ஒரு முறை கண்டால், அசையாமல் காத்திருந்து மீண்டும் அதே இடத்தில் எழுகிறதா என்று பார்க்க வேண்டும். எழுந்தால் மீன் அங்கே நிலையாக நிற்கிறது என்று கொள்ளலாம்.

சிறு மீன்கள் திடீரெனச் சிதறி நீருக்கு மேல் துள்ளினால் கீழே வேட்டை மீன் உள்ளது என்று பொருள். காற்றில்லாத நேரத்தில் ஓரிரு கோரைத் தண்டுகள் மட்டும் அசைந்தால் அவற்றின் அடியில் மீன் நகர்கிறது.

தூண்டிலும் இரையும்

விராலுக்கு உறுதியான நரம்பும் பெரிய முள்ளும் தேவை. வாயில் கூர்மையான பற்கள் உள்ளன. கவ்வியதும் செடிக்குள் பாய்ந்து நரம்பைச் சுற்றிவிடும். ஆகவே மீன் இரையைக் கவ்வியதும் பதறி இழுக்காமல், இரண்டு மூன்று வினாடிகள் கொடுத்து, பின்னர் ஒரே மூச்சாக இழுத்துத் திறந்த நீருக்குக் கொண்டு வர வேண்டும். தளர விட்டால் மீன் போய்விடும்.

இரையாகச் சிறு கெண்டைப்பொடி, ஜிலேபிக் குஞ்சு, மண்புழு, கோழிக்குடல் ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். சிறு மீனை முதுகுத் துடுப்பின் கீழ் மேலாகக் குத்தினால் அது நீண்ட நேரம் உயிரோடு துடிக்கும். தக்கையைச் சரிசெய்து, இரை நீர்மட்டத்திலிருந்து ஓர் அடிக்குள் நிற்கும்படி வைக்க வேண்டும். விரால் மேலே பார்த்துப் பாயும் மீன் ஆதலால் இரை தரையில் கிடப்பதைவிட இது நல்லது.

பல ஊர்களில் உயிர்த் தவளையை முள்ளில் குத்தி, இலைகளின் மேல் தத்த விட்டு விரால் பிடிப்பது வழக்கம். விரால் இதற்கு விரைவில் வரும் என்பது உண்மை. ஆனால் தவளை வயலில் பூச்சிகளைத் தின்று பயிரைக் காப்பது. தவளைக்கால் ஏற்றுமதியை 1987-ல் இந்திய அரசு தடை செய்ததும் தவளைகள் அழிவதைத் தடுக்கவே. ஆகவே விவசாயி தவளையை இரையாக்குவது தன் பயிருக்கே கேடு. இப்போது ரப்பரில் செய்த தவளை கடைகளில் கிடைக்கிறது. இலைகளின் மேல் விட்டுவிட்டு இழுத்தால் இதையும் விரால் கவ்வும். ஒன்றை வாங்கினால் பல நாள் பயன்படும்.

வலை, பறி, ஊத்தா

இழுவலை விராலுக்கு அவ்வளவாக ஏற்றதல்ல. வலை நெருங்கும்போது விரால் சேற்றில் தலையைப் புதைத்து அடியில் நழுவிவிடும். அல்லது வலைக்கு மேலே தாவிவிடும். செடியற்ற ஆழம் குறைந்த இடத்தில் வீச்சு வலை பயன்படும். கோடையில் முழங்கால் அளவு நீரில் ஊத்தாவும் கச்சாவும் பயன்படும்.

செவுள் வலையைச் செடி ஓரத்துக்கு இணையாக மாலையில் கட்டலாம். ஆனால் விடியும் வரை அப்படியே விட்டுவிடக் கூடாது. வலையில் சிக்கிய விரால் மேலே வந்து காற்று விழுங்க முடியாமல் விரைவில் இறந்துவிடும். இறந்த விராலுக்கு உயிர் விராலின் விலை கிடைக்காது. மணிக்கு ஒரு முறையாவது வலையைப் பார்த்து மீனை எடுக்க வேண்டும். பறி வைப்பவர்களும் அதன் மேல்பகுதி நீருக்கு வெளியே இருக்கும்படி வைக்க வேண்டும். இந்தச் சிறு கவனிப்பு இல்லாததால் பறியிலேயே செத்துப் போகும் மீன் ஏராளம்.

சிவப்புக் குஞ்சுக் கூட்டம்

விரால் ஜோடி, ஓரத்தில் ஆழம் குறைந்த நீரில் செடிகளை விலக்கி, தட்டு அளவில் ஓர் இடத்தைச் சுத்தம் செய்து அங்கே முட்டையிடும். மஞ்சள் நிற முட்டைகள் நீர்மட்டத்தில் படலம் போல் மிதக்கும். ஓரிரு நாளில் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகள் சிவந்த நிறத்தில் ஒரே கூட்டமாக மேலே வருவதும் உள்ளே போவதுமாக இருக்கும். தாயும் தந்தையும் அடியிலேயே நின்று ஏறத்தாழ ஒரு மாதம் வரை காவல் காக்கும்.

இந்தக் காவல்தான் விராலுக்கு ஆபத்தாக முடிகிறது. குஞ்சுக் கூட்டத்தின் நடுவே எதைப் போட்டாலும் பெற்ற மீன் வந்து கவ்வும். அது பசியால் கவ்வுவதில்லை. குஞ்சைக் காக்கவே கவ்வுகிறது. இப்படிப் பிடிப்பதற்குத் திறமை எதுவும் வேண்டியதில்லை. ஆனால் காவல் போனதும் ஜிலேபி, கெளுத்தி, பிற விரால்கள், நீர்க்காகம் ஆகியவை சில நாளில் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும்.

ஒரு கணக்குப் பார்க்கலாம். ஒரு கூட்டத்தில் 2,000 குஞ்சுகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு இரண்டு மட்டும் பிழைத்து அரைக் கிலோ எடை அடைந்தாலும் 40 மீன், அதாவது 20 கிலோ கிடைக்கும். பெற்ற மீனைப் பிடித்தால் கையில் கிடைப்பது ஒரு கிலோ. பொறுத்திருந்தால் அடுத்த ஆண்டு 20 கிலோவும், அந்தப் பெற்ற மீனும் ஏரியில் இருக்கும். ஆகவே சிவப்புக் குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறிடம் செல்ல வேண்டும். இதை ஒருவர் மட்டும் கடைப்பிடித்தால் பயனில்லை. அவர் விட்டதை அடுத்தவர் பிடித்துவிடுவார். ஊர் கூடி, அல்லது குத்தகைதாரரும் பாசன சங்கத்தினரும் கலந்து பேசி, இதை ஒரு கட்டுப்பாடாகக் கொண்டு வர வேண்டும்.

அதனுடன் கீழ்க்கண்டவற்றையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

1. ஓர் அடி நீளத்துக்குக் குறைந்த விராலை உயிரோடு திரும்ப விட வேண்டும். ஒரு முறையாவது முட்டையிட அதற்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும்.

2. ஏரியில் தூர் எடுக்கும்போது மடைப் பக்கத்தில் ஓர் ஆழமான குழியை விட்டு வைத்து, கோடையில் அதில் மட்டும் மீன் பிடிக்காமல் இருக்க வேண்டும்.

3. ஆகாயத்தாமரை, நெய்வேலிக் காட்டாமணக்கு ஆகியவற்றை அகற்றும்போது, கரையோரத்தில் கோரையும் அல்லியும் உள்ள ஒரு பகுதியை முட்டையிடுவதற்காக விட்டு வைக்க வேண்டும்.

கெண்டைக் குஞ்சு விடும் ஏரிகளில் விரால் அவற்றைத் தின்றுவிடும் என்ற குறை உண்டு. இது உண்மையே. இதற்கு விராலை அழிக்க வேண்டியதில்லை. 10 செ.மீ.க்கு மேல் வளர்ந்த கெண்டைக் குஞ்சுகளை வாங்கி விட்டால் சேதம் வெகுவாகக் குறையும். அளவுக்கு மீறிப் பெருகிச் சிறுத்துப்போகும் ஜிலேபியை விரால் தின்று கட்டுப்படுத்துவது ஏரிக்கு நன்மையே. ஆனால் சிறு குஞ்சு வளர்க்கும் நாற்றங்கால் குட்டையில் ஒரு விரால்கூட இருக்கக் கூடாது. குட்டையை வற்றவிட்டு நன்றாகக் காயவைத்த பின்பே குஞ்சு விட வேண்டும்.

புண் நோய்

குளிர் காலத்தில் சில விரால்களின் உடலில் சிவந்த புள்ளிகளும் ஆழமான புண்களும் காணப்படலாம். இந்நோய் 1988-ல் இந்தியாவின் வடகிழக்கு மாநிலங்களில் தோன்றி, பின்னர் தமிழ்நாட்டுக்கும் பரவியது. பூசணம் போன்ற ஒரு நுண்ணுயிரே இதற்குக் காரணம். மழைக்குப் பின் நீர் குளிரும்போது நோய் தலைகாட்டும். புண் உள்ள மீன்களை விற்கவோ, வேறு குளத்தில் விடவோ கூடாது. அவற்றைக் கரையிலிருந்து தள்ளிப் புதைத்துவிட வேண்டும். அந்த ஏரியில் பயன்படுத்திய வலையை வெயிலில் நன்றாக உலர்த்தாமல் அடுத்த ஏரியில் இறக்கக் கூடாது. சொந்தக் குட்டை வைத்திருப்போர் மீன்வளத் துறை அலுவலரைக் கலந்து, குளிர் தொடங்கும் முன்பே சுண்ணாம்பு இடலாம்.

உயிரோடு சந்தைக்கு

விராலை உயிரோடு விற்பதில்தான் லாபம். டிரம் நிறைய நீர் ஊற்றி மூடுவது தவறு. மேலே காற்றுக்கு இடமில்லாமல் மீன் மூச்சு முட்டி இறந்துவிடும். மீனின் முதுகு நனையும் அளவுக்கு நீர் ஊற்றி, மேலே பாதிக்கு மேல் வெற்றிடம் விட வேண்டும். விரால் தாவும் மீன். ஆகவே துளையிட்ட மூடியோ, வலைத்துணியோ போட்டு இறுகக் கட்ட வேண்டும். நெருக்கி அடைக்கக் கூடாது. பெரியதையும் சிறியதையும் ஒன்றாகப் போட்டால் கடித்துக்கொள்ளும். தொலைவு குறைவானால் ஈரச் சாக்கு விரித்த கூடையே போதும். சாக்கு காயாமல் அவ்வப்போது நீர் தெளிக்க வேண்டும்; வெயிலில் வைக்கக் கூடாது.

கவனிக்க வேண்டியவை

ஏரியின் மீன்பிடி உரிமை பெரும்பாலும் குத்தகைக்கு விடப்படுகிறது. ஊராட்சியிலோ, உரிய அலுவலகத்திலோ விசாரித்து, அனுமதி பெற்ற பின்பே மீன் பிடிக்க வேண்டும்.

வெடி வைத்தோ, நஞ்சு கலந்தோ மீன் பிடிப்பது 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டப்படி குற்றமாகும். நஞ்சு கலந்த நீரைக் கால்நடைகளும் குடிக்கின்றன. மின்சாரம் பாய்ச்சிப் பிடிப்பது பிடிப்பவரின் உயிருக்கே உலை வைக்கும். இம்முறைகளில் பெரிய மீனோடு குஞ்சுகளும் அழிந்துபோகும்.

மண் எடுத்த ஏரிகளில் ஆழமான குழிகள் மறைந்திருக்கும். கலங்கிய நீரில் அவை தெரியா. நீரில் இறங்குவோர் நீண்ட கழியால் தரையைக் குத்திப் பார்த்தபடி நடக்க வேண்டும். தனியாக இறங்கக் கூடாது. சிறுவர்களை இறக்கவே கூடாது. இடி மின்னல் தொடங்கினால் உடனே கரையேறிவிட வேண்டும்; மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. செடிப் புதர்களில் பாம்பு இருக்கும் என்பதால் கையை விட்டுத் துழாவுவதைத் தவிர்க்க வேண்டும்.

விரால் பிடிக்கப் பெரிய முதலீடு தேவையில்லை. நீரின் வெப்பம், காற்றின் திசை, நீரின் நிறம், ஏரியின் மட்டம் ஆகியவற்றைக் கவனித்து, செடி விளிம்பில் இரையைச் சரியான ஆழத்தில் வைத்தால் போதும். மாசி, பங்குனியில் தேவைக்குப் பிடித்து, ஐப்பசி, கார்த்திகையில் கையைக் கட்டிக்கொண்டு, கோடையில் ஒரு குழியை விட்டு வைத்தால், ஒரு பைசா செலவில்லாமல் ஆண்டுதோறும் ஏரி விரால் கொடுக்கும். வரும் மழையில் தங்கள் ஊர்க் கண்மாயில் சிவப்புக் குஞ்சுக் கூட்டம் எத்தனை தெரிகிறது என்று விவசாயிகள் எண்ணிப் பார்க்கலாம். அடுத்த ஆண்டு அறுவடையின் அளவை அந்த எண்ணிக்கையே சொல்லிவிடும்.